அரைப்புள்ளியால் வந்த வினை

சி மொழிச் செய்முறைத் தேர்வில் நான் பட்ட பாட்டைக் கூறுகிறேன். மதிப்பெண் 40-க்குக் குறைந்தால் ‘தோல்வி’ என அச்சிட வேண்டும். ‘இஃப்’ நிபந்தனையை எழுதி முடித்ததும், பழக்கத்தால் அரைப்புள்ளி வைத்துவிட்டேன். 90 பெற்றவருக்கும் ‘தோல்வி’! நிபந்தனை அந்த அரைப்புள்ளியோடு முடிந்துவிட்டது. அடுத்த வரி எல்லோருக்கும் இயங்கியது. கம்பைலர் இதைப் பிழையெனத் தடுக்காது.

2014-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலிலும் இத்தகைய பிழை வெளிப்பட்டது. ஒரு ‘கோடூ’ வரி இருமுறை இடம்பெற்றிருந்தது. நெளிவு அடைப்புக்குறி இல்லாததால், இரண்டாவது வரி நிபந்தனையின்றி இயங்கிக் கையொப்பச் சோதனையைத் தாண்டிச் சென்றது.

உள்ளே தள்ளி எழுதிய வரியை நம் கண் நம்பும், கம்பைலர் பொருட்படுத்தாது. ஆகவே ஒற்றை வரிக்கும் அடைப்புக்குறி இடுவோம். ‘இஃப்’, ‘ஃபார்’ வரிகளின் முடிவை மறுமுறை பார்ப்போம்.