மலிவுத் தாளும் வண்ண அட்டையும்

அமெரிக்காவில் 1920, 30-களில் மலிவு விலைக் கதை இதழ்கள் கொடிகட்டிப் பறந்தன. மரக்கூழில் செய்த முரட்டுத் தாளில் அச்சானதால் அவற்றிற்குப் 'பல்ப்' இதழ்கள் என்று பெயர். வேதியியல் மாணவனாகிய என்னை முதலில் ஈர்த்தது அத்தாளே. அதில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடும். ஒளியும் காற்றும் பட்டால் அது தாளைப் பழுப்பாக்கும்; அமிலமோ தாளை நொறுங்கச் செய்யும்.

அட்டை மட்டும் வழவழப்பான தாளில் பல வண்ணங்களில் மின்னியது. ஏன்? கடையில் குவிந்த இதழ்களிடையே வழிப்போக்கரை நிறுத்த வேண்டியது அட்டையல்லவா! 'அமேசிங் ஸ்டோரிஸ்' 1927 ஆகஸ்ட் இதழின் அட்டையில் ஃபிராங்க் ஆர். பால் செவ்வாயினரின் முக்கால் எந்திரங்களை வரைந்தார். 'வியர்டு டேல்ஸ்' இதழுக்கு 1930-களில் மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண்மணி வண்ணச் சுண்ணக்கோலால் தீட்டினார்.

படித்ததும் எறியப்பட்ட இதழ்கள் அவை. மூல ஓவியங்களிலும் பல அழிந்தன. எஞ்சியவற்றைச் சேகரிப்போர் இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். கிடைத்தற்கரியது என்பது மட்டுமா காரணம்? எழுத்தறியாத என் தந்தையிடம் அந்த எந்திரப் படத்தைக் காட்டினேன். "ஊரையே கொளுத்த வந்திருக்கு" என்றார். கதை அவருக்குப் புரிந்துவிட்டது!

படிக்காதவரையும் கதைக்குள் அழைக்கும் கலையை மலிவானது என்று தள்ளலாமா, நண்பர்களே?