செவிலியரின் அசட்டையும் நோயாளியின் பரிகாரமும்

திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கென வகுத்து, நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றனோடு, நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுப்பவனையும் சேர்த்து எண்ணினார். இக்காலத்து ஆஸ்பத்திரிகளில் அந்நான்காம் உறுப்பாய் நிற்பவர் தாதியரென்றும் நர்ஸுகளென்றும் நாம் அழைக்கும் செவிலியரே யாவர். வைத்தியர் நாளில் ஒருமுறையோ இருமுறையோ வந்து பார்த்துச் செல்ல, எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளியின் உயிர் செவிலியரின் கண்காணிப்பிலேயே நிற்கின்றது. அவர் தொண்டு பெரிது; அது பெரிதாதல் பற்றியே அதன்கண் நேரும் பிழையும் பெருந்தீங்கை விளைக்கின்றது. அத்தகைய பிழையால் ஊறுற்ற ஒருவருக்கு நம் நாட்டுச் சட்டம் எவ்வெவ் வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. அசட்டை என்பது யாது?

நோய் தீராமை வேறு, அசட்டை வேறு. செய்யத்தக்கன யாவும் செய்தும் நோயாளி இறந்துபடுதல் உண்டு. அது பற்றி எவரையும் குற்றஞ் சாட்டுதல் முறையன்று. அசட்டை என்று நீதிமன்றம் கொள்ளுவதற்கு மூன்று அங்கங்கள் வேண்டும். முதலாவது, நோயாளியைக் கவனிக்க வேண்டிய கடமை. இரண்டாவது, அக்கடமையில் தவறுதல். மூன்றாவது, அத்தவற்றின் பயனாகவே விளைந்த தீங்கு. இம்மூன்றில் ஒன்று குறையினும் நஷ்ட ஈடு பெறுதல் அரிது. ஒரு வேளை மருந்து காலந்தாழ்த்துக் கொடுக்கப்பட்டது மெய்யேயாயினும், அதனால் நோயாளிக்கு ஒரு கேடும் நேரவில்லையாயின், அங்கே தவறு உண்டு, நஷ்டம் இல்லை.

செவிலியரின் செய்கையை அளக்கும் கோலும் இன்னதென அறிதல் வேண்டும். தலைசிறந்த செவிலி ஒருத்தியின் திறமையைச் சட்டம் எல்லாரிடத்தும் எதிர்பார்ப்பதில்லை. அத்தொழிலில் முறையாகப் பயின்ற சாதாரணச் செவிலி அந்நிலைமையில் எவ்வளவு கவனத்தோடு நடந்திருப்பாள் என்பதே கேள்வி. மருந்தின் பெயரையும் அளவையும் ஒத்துப் பாராது கொடுத்தல், ஒருவர்க்குரிய இரத்தத்தை மற்றொருவர்க்கு ஏற்றுதல், மூச்சும் நாடியும் மாறக் கண்டும் வைத்தியருக்கு அறிவியாதிருத்தல், தாமே புரள இயலாத நோயாளியை வேளைதோறும் புரட்டிப் படுக்க வையாமையால் படுக்கைப்புண் உண்டாக விடுதல், சத்திர சிகிச்சையின் முடிவில் பஞ்சையும் துணியையும் எண்ணிப் பாராதிருத்தல் என்பன அக்கோலுக்குக் குறைந்த செய்கைகளாம்.

2. விடையிறுக்க வேண்டியவர் யாவர்?

இப்பொருளில் தலைமையான வினா இதுவே. பிழை செய்தவள் செவிலி. ஆயின் நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டியவர் அவளா, அவளை வேலைக்கமர்த்திய ஆஸ்பத்திரியா?

முற்காலத்தில் இங்கிலாந்து தேசத்து நீதிமன்றங்கள் ஆஸ்பத்திரியின் பக்கமே சாய்ந்திருந்தன. 1909-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துச் செயிண்ட் பர்த்தலோமியு ஆஸ்பத்திரியைப் பற்றிய வழக்கில், தகுதியுடைய ஊழியரைத் தேர்ந்தெடுப்பதோடு ஆஸ்பத்திரியின் கடமை முடிந்தது என்றும், சத்திர சிகிச்சை அறையுள் செவிலியர் வைத்தியரின் ஆணைக்கே அடங்கினவர் என்றும் கூறப்பட்டது. இதன் விளைவு 1936-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பாரால்டிஹைடு என்னும் மருந்தை ஆறு டிராம் அளவு கொடுக்க வேண்டியிருக்க, செவிலியர் குறிப்பைப் பிழைபடக் கொண்டு ஆறு அவுன்ஸ் கொடுத்துவிட்டனர். எட்டு டிராம் கொண்டது ஓர் அவுன்ஸ் ஆதலின், நோயாளிக்குச் சென்றது எண்மடங்கு மருந்து. நோயாளி இறந்தார். செவிலியர் அசட்டை செய்தனரென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஆஸ்பத்திரி பொறுப்பன்று என்று விடுத்தது. சொற்ப ஊதியம் பெறும் செவிலிக்கு எதிராகக் கிடைத்த தீர்ப்பு, இறந்தவரின் குடும்பத்திற்கு வெறுங் காகிதமேயன்றி வேறென்னை?

பின்னர் நீதிமன்றங்களின் கருத்து மாறிற்று. கதிர்ச் சிகிச்சை செய்யும் ஊழியர் ஒருவரின் அசட்டைக்கு ஆஸ்பத்திரியை நடத்துவோரே பொறுப்பென்று 1942-ஆம் ஆண்டிலும், வைத்தியர் உள்ளிட்ட ஊழியருக்கும் அவ்வாறே பொறுப்பென்று 1951-ஆம் ஆண்டிலும் அந்நாட்டு அப்பீல் நீதிமன்றம் தீர்மானித்தது. ஊழியன் தன் வேலையின்கண் செய்த பிழைக்கு எசமானன் விடையிறுக்க வேண்டுமென்னும் பழைய விதி, இவ்வாறு ஆஸ்பத்திரியின் வாயிலுள்ளும் புகுந்தது.

நம் நாட்டில் இவ்விதியை ஐயமற நிலைநாட்டியது, ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட் 1998-ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு. டைபாய்டு சுரங்கண்ட ஒரு சிறுவன் அங்குச் சேர்க்கப்பட்டிருந்தான். செவிலியாக அமர்த்தப்பட்டிருந்த ஒருவர், ஊசி மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்தையிடம் கொடுத்து, அவர் வாங்கி வந்ததை நரம்பில் ஏற்றினார். ஏற்றிய உடனே சிறுவன் துவண்டு விழுந்தான், இருதயம் நின்றது, உயிர் மீண்டதாயினும் மூளை நிரந்தரமாய்க் கெட்டது. தகுதியற்ற ஒருவரைச் செவிலியாக வைத்துக் குழந்தையை அவர் கையில் ஒப்பித்ததே ஆஸ்பத்திரியின் குற்றமாகக் கொள்ளப்பட்டது. சிறுவனுக்கு 12 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், பெற்றோர்க்கு அவர்தம் மனத்துயர் பற்றி 5 லட்சம் ரூபாயும் தேசீய ஆணையம் விதித்ததைச் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. சிகிச்சையின் பயனைப் பெறுபவனாகிய குழந்தையும், அதனை அமர்த்திக் கொண்டவராகிய பெற்றோரும் ஆகிய இரு திறத்தாரும் நுகர்வோரே என்பது அத்தீர்ப்பின் சிறந்த பகுதி.

பின்னும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. இரவில் வந்து ஊசி போட்டுச் சென்ற செவிலியின் பெயரை நோயாளியின் உறவினர் எங்ஙனம் அறிவர்? பெயரறியாமை பற்றி வழக்குத் தள்ளப்படலாமா? 2004-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் இதற்கும் விடை பகர்ந்தது. ஆஸ்பத்திரியைப் பிரதிவாதியாக்கினாற் போதும். சிகிச்சை செய்த ஒவ்வொரு வைத்தியரையும் செவிலியையும் சேர்க்க வேண்டுவதில்லை. நடந்ததை விளக்கவும், தன் ஊழியரைக் கொணர்ந்து நிறுத்தவும் வேண்டியது ஆஸ்பத்திரியே என்பது அத்தீர்ப்பு.

3. வழிகள் நான்கு

முதலாவது, நுகர்வோர் ஆணையம். வைத்தியத் தொண்டும் நுகர்வோர் சட்டத்துள் அடங்குமென்று சுப்ரீம் கோர்ட் 1995-ஆம் ஆண்டில் தீர்மானித்தது. பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை விலக்கவில்லை. சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் மாவட்ட ஆணையத்திலேயே பிராது கொடுக்கலாம். அத்தொகை 5 லட்சத்திற்கு மேற்படாதாயின் பிராதுக்குக் கட்டணமில்லை. ஆஸ்பத்திரி எவ்வூரில் இருப்பினும், பிராது கொடுப்பவர் தாம் வசிக்கும் ஊரின் ஆணையத்தையே அணுகலாம். வக்கீலின்றித் தாமே வாதிக்கவும் செய்யலாம். காலவரையறை இரண்டாண்டு. தக்க காரணங் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாமாயினும், அதனை நம்பியிருத்தல் அறிவுடைமையன்று.

இரண்டாவது, சிவில் நீதிமன்றம். எல்லார்க்கும் இலவசமாகவே சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதன்று. சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பல இவ்வகையின. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலர்க்கு இலவசமாகச் செய்யுமாயின், அவ்விலவச நோயாளிக்கும் நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. முற்றும் இலவசமாயவிடத்துப் பரிகாரமே இல்லையென்று எண்ணற்க. சிவில் வழக்குத் தொடரலாம். உயிர் பறிபோயிருப்பின், 1855-ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டத்தின்படி மனைவி, கணவன், பெற்றோர், மக்கள் ஆகியோர் பொருட்டு இரண்டாண்டுக்குள் வழக்கிடலாம். அடிப்படையுரிமை மீறப்பட்டதென்று உயர்நீதிமன்றத்தை அணுகுதலும் உண்டு. அவுரங்காபாத் நகரத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 1963-ஆம் ஆண்டில் சத்திர சிகிச்சையின்போது ஒரு பெண்ணின் வயிற்றுள் துணி விடப்பட்டு, அதனால் அவர் உயிர் நீத்தார். சர்க்காரே பொறுப்பென்று சுப்ரீம் கோர்ட் கூறியது 1996-ஆம் ஆண்டில். தொகையோ 36 ஆயிரம் ரூபாய். முப்பத்து மூன்றாண்டு கழித்து வந்த இந்நீதி, சிவில் வழக்கின் வலிமையையும் அதன் தாமதத்தையும் ஒருங்கே காட்டுகின்றது.

மூன்றாவது, கிரிமினல் வழக்கு. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல் வழங்கிவரும் பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவு, அசட்டையால் மரணம் விளைத்தலைக் குற்றமாக்குகின்றது. தண்டனை ஐந்தாண்டு வரை சிறை. சிகிச்சை செய்யுங்கால் பதிவு பெற்ற வைத்தியர் இக்குற்றம் இழைப்பின் இரண்டாண்டு வரையே சிறை. இவ்விலக்கு வைத்தியர்க்கேயன்றிச் செவிலியர்க்குச் சொல்லப்படவில்லை. ஒரே அறையில், ஒரே நோயாளியிடத்து, ஒரே வகையான பிழை செய்த இருவரில் செவிலிக்கு மட்டும் பெருந்தண்டனை நேரக்கூடும் என்பது சிந்திக்கத்தக்கது. எனினும் சாதாரணக் கவனக்குறைவு கிரிமினல் குற்றமாகாது. மிகக் கொடிய அசட்டையாய் இருத்தல் வேண்டுமென்று 2005-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் வைத்தியத் தொழிலோரைப் பற்றி வரையறுத்தது. கிரிமினல் வழக்கின் நோக்கம் தண்டனையேயாதலின், ஊறுற்றோரின் செலவையும் இழப்பையும் ஈடுசெய்ய அதனையே நம்புதல் பெரும்பாலும் பயன் தராது.

நான்காவது, செவிலியரைப் பதிவு செய்யும் சபையிடம் முறையிடுதல். சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டிலேயே செவிலியர், மருத்துவச்சியர் ஆகியோர்க்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அகில இந்தியச் சபைக்குரிய சட்டம் 1947-ஆம் ஆண்டிலும், அதன் இடத்தில் நிற்கத்தக்க புதிய ஆணையத்திற்குரிய சட்டம் 2023-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. தகாதன செய்த செவிலியின் பெயரைப் பதிவேட்டினின்று நீக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. நஷ்ட ஈடு விதிக்க அதிகாரம் இல்லை. பிறர்க்கும் அத்தீங்கு நேராமற் காத்தலே இவ்வழியின் பயன்.

இவற்றுள் ஒன்றைப் பற்றினார் மற்றவற்றை அறவே இழப்பர் என்பதில்லை. ஆயினும் ஒரே ஊறுக்கு இருமுறை நஷ்ட ஈடு பெறுதல் இயலாது.

4. உடனே செய்யத்தக்கன

வழக்கு வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் ஏடுகளைப் பொறுத்தவை. இன்ன வேளையில் இன்ன மருந்து இவ்வளவு கொடுக்கப்பட்டது, சுரமும் நாடியும் இவ்வாறிருந்தன, வைத்தியருக்கு இன்ன வேளையில் சொல்லியனுப்பப்பட்டது என்பன செவிலியரின் குறிப்பேட்டிலேயே காணப்படும். நோயாளியோ அவருடைய உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துள் ஏடுகளின் நகல் கொடுக்கப்படல் வேண்டுமென்பது 2002-ஆம் ஆண்டு வைத்தியத் தொழில் ஒழுங்கு விதி. ஆதலின் முதற்காரியமாக எழுத்து மூலம் நகல் கேட்டு, கேட்டதற்கு அத்தாட்சியும் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். பில்கள், மருந்துச் சீட்டுக்கள், எஞ்சிய மருந்துக் குப்பிகள் ஆகியவற்றை எறிந்துவிடலாகாது. உடனிருந்தவர் கண்டவற்றை நாளும் வேளையும் குறித்து அன்றன்றே எழுதி வைத்தலும் நன்று.

பின்னர் நடுநிலையுள்ள ஒரு வைத்தியரிடம் ஏடுகளைக் காட்டித் தவறு உண்டோ இல்லையோ என்று தெளிதல் வேண்டும். தவறில்லையென்று அவர் சொல்வாராயின், அதுவும் குடும்பத்தின் மனத்திற்கு ஓர் ஆறுதலே. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் இன்றியமையாததன்று என்றும், பிழை தானே விளங்கும் இடத்தில் அது வேண்டுவதில்லை என்றும் 2010-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் கூறியிருப்பினும், நுட்பமான பொருளில் அச்சாட்சியம் பெருந்துணையாகும். பொருளின்மை பற்றி எவரும் பின்வாங்க வேண்டா. பெண்டிர், சிறுவர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருவாய் குறைந்தோர் ஆகியோர்க்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவச வக்கீல் உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்டத்தின் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் இதற்கு மனுச் செய்யலாம்.

செய்யத்தகாதது ஒன்றும் உளது. துயர மிகுதியால் ஆஸ்பத்திரியுட் புகுந்து செவிலியரை அடித்தலும் பொருள்களை உடைத்தலும் 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். மேலும், நியாயம் கேட்க வந்தவர் அதனால் தாமே குற்றவாளியாய் நிற்பர்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், செவிலியின் பிழைக்குச் செவிலியை மட்டும் தேடிப் பிடித்தல் சட்டத்தின் நோக்கமன்று என்பதே. ஒரே இரவில் ஒருத்தியிடம் பலருடைய படுக்கைகளை ஒப்பித்து, இளைப்பாற நேரமும் தராது, தகுதியில்லாரையும் அவ்வேலையில் அமர்த்திவிட்டுப் பிழை நேர்ந்தபின் அவளைச் சுட்டிக் காட்டித் தப்பும் வழியை நீதிமன்றங்கள் அடைத்திருக்கின்றன. பொறுப்பு ஆஸ்பத்திரியை வந்து சாருமாயின், போதிய செவிலியரை வைத்தலும் அவரைப் பயிற்றுதலும் ஆஸ்பத்திரிக்கே ஆதாயமாம். ஆகவே நோயாளி தன் உரிமையைக் கேட்பது நேர்மையான செவிலியர்க்குப் பகையன்று, ஒருவாறு துணையுமாகும்.

இக்கல்லூரியினின்றும் வெளிச்செல்லும் மாணவர் சிலர் வைத்தியராவர், சிலர் வக்கீலாவர், சிலர் ஆஸ்பத்திரிகளை நடத்துவோராவர், நாம் எல்லாரும் ஒருநாள் நோயாளியாவோம், அன்றி நோயாளியின் பக்கத்தில் விழித்திருப்போம். அந்நாளில், நம் அயலார் ஒருவர் ஆஸ்பத்திரி வாயிலில் செய்வதறியாது நிற்கக் காணின், ஏட்டின் நகலைக் கேளுங்கள், நாளைக் குறித்துக் கொள்ளுங்கள், இரண்டாண்டைக் கடத்தாதீர்கள் என்னும் மூன்று சொல்லையாவது அவர்க்குச் சொல்வோமாயின், நாம் கற்ற கல்வி பயனுடையதாகும்.