நிறை ஏறாத பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது?



கொழுந்தை நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கிறோம். தராசு அரைக் கிலோ குறைத்துக் காட்டினால் சும்மா விடுவோமா? கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்போம். ஆனால் வீட்டுப் பிள்ளையின் நிறை மூன்று மாதமாக ஒரே இடத்தில் நின்றால், "அது அப்பன் மாதிரி மெலிஞ்ச உடம்பு" என்று சொல்லிவிட்டு பெரட்டுக்குப் போய்விடுகிறோம்.

2016 ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 100க்கு சுமார் 17 பேர். தோட்டங்களில் மட்டும் பார்த்தால் 32 பேர். இது பரம்பரை உடம்பு அல்ல. சாப்பாட்டிலும் நோயிலும் வந்த குறை.

எமது டிவிசனில் ஒன்றரை வயதுப் பெண் பிள்ளை ஒன்று 7.8 கிலோவில் நின்றுவிட்டது. அந்த வயதில் மாதம் 200 கிராம் அளவுக்காவது ஏறவேண்டும். வீட்டுக்குப் போனோம். "ஐயா, வாயைத் தொறக்கவே மாட்டேங்குது, ரெண்டு வாய் வாங்கினா துப்பிருது" என்றார் அம்மாயி. பாத்திரத்தைப் பார்த்தால் பருப்புத் தண்ணி ஊற்றிக் கரைத்த சோறு. அதற்கு முன்னால் அரைக் கோப்பை தேத்தண்ணி, சீனி போட்டு.

அந்தப் பிள்ளையின் வயிறு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான். அதில் பாதியை தேத்தண்ணி நிரப்பிவிட்டால் சோற்றுக்கு இடம் எங்கே? போதாததற்கு, தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தம் குறைந்தால் பசியும் குறையும். நாம் பறிக்கும் கொழுந்துதான், என்றாலும் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

காத்தான்குடியில் சிநேகிதர் வீட்டில் சில நாள் தங்கியபோது நாம் கண்டதைச் சொல்கிறோம். அங்கே பெண் பிள்ளை கலியாணம் முடித்தாலும் தாய் வீட்டோடுதான் இருப்பது வழக்கம். ஆகவே பேரப்பிள்ளைக்கு உம்மம்மா பக்கத்திலேயே இருப்பார். அந்த உம்மம்மா ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சோற்றைத் தேங்காய்ப்பாலில் குழையப் பிசைந்து, வாவி மீனை முள் பார்த்து உதிர்த்துப் போட்டு, கையில் எடுத்தால் வழியாத பதத்தில் கொடுத்தார். பிள்ளை முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுவார், கதை சொல்லி மறுபடி நீட்டுவார். அரை மணி நேரம் ஆனது. எருமைத் தயிர் பின்னேரத்துக்கு.

"எங்களுக்கு அந்த நேரம் ஏது ஐயா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். விடியக்காலை பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுபவர்கள் நீங்கள். ஆனால் பதத்தை மாற்ற நேரம் வேண்டியதில்லை. கரைத்து ஊற்றாமல் கெட்டியாகப் பிசையுங்கள். ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். அது மட்டும் 40 கலோரி. நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்து வைத்தால் ஒரு கிழமைக்கு வரும். உப்பு போக முதலில் நன்றாக ஊறவைத்துக் கழுவவேண்டும். முட்டை கிடைக்கும் நாளில் முதல் முட்டை இந்தப் பிள்ளைக்கு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு, இடையில் ஒன்றிரண்டு தடவை வாழைப்பழமோ ரொட்டித் துண்டோ. தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம்.

திரிபோஷ பற்றி ஒரு சொல். 1973 முதல் நமது நாட்டில் கொடுக்கப்படும் மாவு இது. மாதம் இரண்டு பாக்கெட் என்பது நாளுக்கு 50 கிராம் கணக்கு, ஒரு பிள்ளைக்கு மட்டும். வீட்டில் அண்ணன், அக்கா, அப்பா எல்லோரும் ஆளுக்கொரு பிடி எடுத்தால் பத்து நாளில் முடிந்துவிடும். (நாமும் எடுத்திருக்கிறோம், மறைப்பானேன்.) தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் பிள்ளை கையில் வைத்தே தின்னும்.

மூக்கைப் பொத்தி, படுக்கவைத்து ஊற்றுவதை மட்டும் உடனே விட்டுவிடுங்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் சளிக்காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்து. அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைக்கும், கைகால் விறைத்த பிள்ளைக்கும் விழுங்குவதே சிரமம். அப்படிப்பட்ட பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, தலை பின்னால் சரியாமல் பிடித்து, சிறு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினால், ஒவ்வொரு தடவையும் புரைக்கேறினால், தின்றதெல்லாம் வாந்தி எடுத்தால், இரண்டு மாதம் தொடர்ந்து நிறை ஏறாவிட்டால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவிச்சியிடம் சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அன்றைக்கு ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை.

அந்தப் பெண் பிள்ளை விஷயம். அம்மாயி தேத்தண்ணியை நிறுத்தினார், லேசில் அல்ல, இரண்டு நாள் எம்மோடு பேசவும் இல்லை. மடுவத்து ஆயம்மாவிடம் எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கொடுத்து வைத்தோம். முதல் மாதம் 100 கிராம்தான் ஏறியது. மூன்றாம் மாதம் நிறுத்தபோது 8.5 கிலோ. அடுத்த நிறுவைக்கு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அந்த அம்மாயிதான்.