குதிரைக்குக் கால் சொறி: மாட்டு மருந்து ஆகாது

லாயத்தில் கட்டிய குதிரை இரவெல்லாம் தரையை உதைக்கிறது. ஒரு காலை மறு காலில் தேய்க்கிறது. குனிந்து கணுக்காலைக் கடிக்கிறது. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் மட்டக்குதிரை வளர்க்கும் அன்பர் ஒருவர் இதற்குக் காரணம் கேட்டிருக்கிறார். முரட்டுக்குணம் என்று சவுக்கை எடுப்போர் உண்டு. முதலில் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். குளம்புக்கு மேலே, கணுக்காலின் பின்புறம் செதிலும் பொருக்கும் படிந்து ரோமம் உதிர்ந்திருந்தால், அது கால் சொறியாக இருக்கலாம்.

இதை உண்டாக்குவது கோரியோப்டிஸ் என்னும் சொறிப்பூச்சி. அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. தோலைத் துளைக்காமல் மேலேயே இருந்து, உதிரும் செதிலைத் தின்று வாழும். முட்டை வளர்ந்து பூச்சியாகச் சுமார் 3 வாரம் ஆகும். காலில் அடர்ந்த ரோமமுள்ள ஷையர், கிளைடெஸ்டேல் போன்ற சீமைக் குதிரைகளே மிகவும் அவதியுறும். நம் காத்தியவாரி, மார்வாரி இனங்களுக்குக் கால் ரோமம் குறைவு. ஆயினும் அறவே வராது என்று இருந்துவிடலாகாது. குளிர் மாதங்களில் பெருகிக் கோடையில் ஒடுங்குவது இதன் இயல்பு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றில் நின்ற காலிலும் இதே போல வெடிப்பும் புண்ணும் வரும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஐயம் தீரும். தலை, கழுத்து, தோள் ஆகிய இடங்களில் சொறி தொடங்கினால் அது தோலைக் குடையும் வேறு வகைப் பூச்சி. அது மனிதருக்கும் தொற்றும்.

கால் சொறிக்கு ரோமத்தைக் கத்தரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் பொருக்கை ஊறவைத்துக் கழுவி, ஈரம் போகத் துடைக்கவும். பின்னர் மருத்துவர் குறிக்கும் அளவில் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலை வாரம் ஒருமுறையாக 4 வாரம் தடவலாம். வாய்வழி தரும் ஐவர்மெக்டின் குடற்புழுவுக்கு நல்ல மருந்து. ஆனால் செதிலை மட்டும் தின்னும் இப்பூச்சியை அது மட்டுமே ஒழித்துவிடாது.

மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்த அமிட்ராஸ் மருந்தைக் குதிரைக்குப் பூசவே கூடாது. குடலின் அசைவு நின்று, லத்தி இறுகி, வயிற்றுவலியால் குதிரை உயிரிழக்கவும் நேரும். பழைய மோட்டார் ஆயில் பூசும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். அது தோலைப் புண்ணாக்கும்.

குதிரையை விட்டு விழுந்த பூச்சி, படுக்கை வைக்கோலில் சுமார் 10 வாரம் வரை உயிரோடிருக்கும். எனவே வைக்கோலை அகற்றி எரித்து, தேய்க்கும் தூரிகைகளையும் கழுவிக் காயவைக்க வேண்டும். உதைக்காத குதிரை உட்பட லாயத்திலுள்ள எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கி வரும் குதிரையைச் சில வாரம் தனியே கட்டி வைத்து, கால்களைப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கவும்.

ஆவடி வட்டாரத்தினர் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலோ, 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ காட்டலாம். தோலைச் சுரண்டிப் பார்க்கும் வரை எந்த மருந்தும் தடவாமல் கொண்டு செல்லவும்.