பழைய மகிழுந்தும் புதிய டயரும்

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது நம் பழமொழி. தேருக்கு அச்சாணி எப்படியோ, மகிழுந்துக்குச் சக்கரச் சீரமைப்பு அப்படி. சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்யும் இப்பணியைப் பட்டறைகளில் ‘அலைன்மெண்ட்’ என்பர். பழைய மகிழுந்துகளைப் பேணுவோர் இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. டயரின் வகை மாறினால், சக்கரத்தின் கோணங்களையும் மீண்டும் ஆராய வேண்டும்.

1948-ஆம் ஆண்டு பிரிட்டனில் அறிமுகமான மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். மலாயாச் சாலைகளிலும் ஓடிய இச்சிறு மகிழுந்தை இன்றும் சிலர் குடும்பச் சொத்தாகப் போற்றி வருகின்றனர். தொடக்கத்தில் இதில் பொருத்தப்பட்டவை குறுக்கிழை டயர்கள். அவற்றுள் இழைகள் அடுக்கடுக்காக, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சாய்ந்து செல்லும். ஆகவே, பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். சக்கரம் சாய்ந்தால் தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து சாயும்.

ரேடியல் டயரின் அமைப்பு வேறு. பிரான்சு நாட்டின் மிச்சலின் நிறுவனம் 1946-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை கோரியது. இதில் இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு நேராகச் செல்கின்றன. மேற்பரப்பின் அடியில் உறுதியான பட்டைகள் உள்ளன. பக்கச்சுவர் வளைந்துகொடுப்பதால், திருப்பங்களிலும் டயர் சாலையில் தட்டையாகப் படிகிறது. இன்று கடைகளில் எளிதில் கிடைப்பவை இவையே. பக்கச்சுவரில் உள்ள அளவில் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியல் டயராகும்.

சீரமைப்பில் மூன்று கோணங்கள் முக்கியமானவை. கால்விரல்களை உள்நோக்கித் திருப்பி நிற்பதுபோல, முன்சக்கரங்கள் உள்நோக்கி நிற்பது ‘டோ இன்’. முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்திருப்பது ‘கேம்பர்’. மிதிவண்டியின் முன்கவை சாய்ந்திருப்பதுபோன்ற அமைப்பு ‘காஸ்டர்’. இது வண்டியை நேராக ஓட வைக்கிறது.

பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டி ஓடும்போது, சாலையின் தடை முன்சக்கரங்களைச் சற்று வெளிநோக்கித் திருப்பும். அதை ஈடுசெய்யவே டோ இன் வைக்கப்படுகிறது. மோரிஸ் மைனரின் கையேட்டில் இது ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர். குறுக்கிழை டயரைவிட ரேடியல் டயருக்கு உருளும் தடை குறைவு. எனவே, பொதுவாக அதற்குக் குறைவான டோ இன் போதும். அளவு மிகுந்தால், டயர் சாலையில் உராய்ந்து, வெளி ஓரம் விரைவில் தேய்ந்துவிடும். மோரிஸ் மைனரில் டோ அளவை மட்டுமே எளிதில் மாற்ற முடியும். மற்றக் கோணங்கள் பிசகியிருந்தால், ஏதோ ஒரு பாகம் தேய்ந்துள்ளது அல்லது வளைந்துள்ளது என்பதே பொருள். அதைப் பழுதுபார்க்காமல் சீரமைப்பது வீண்செலவு.

இருவகை டயர்களையும் ஒரே அச்சில் கலந்து பொருத்தவே கூடாது. முன்புறம் ரேடியலும் பின்புறம் குறுக்கிழையும் இருப்பதும் ஆபத்தானது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் சாலையைப் பற்றிக்கொள்ள, பின்புறம் வழுக்கி வண்டியே சுழன்றுவிடக்கூடும். நான்கும் ஒரே வகையாக இருப்பதே நல்லது.

இது செலவைப் பற்றிய செய்தி மட்டுமன்று. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நோக்கிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு பழைய மகிழுந்து வருவதாக எண்ணிப் பாருங்கள். மாலை நேரம், மழை கொட்டுகிறது, பக்கத்தில் கனவுந்துகள் விரைகின்றன. ஓரம் தேய்ந்த டயரின் பள்ளங்களால் நீரை வெளியேற்ற இயலாது. டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கினால், ஓட்டுநர் ஸ்டீரிங்கைத் திருப்பியும் பயனில்லை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்னும் விதி இதனால்தான் உள்ளது. புஸ்பாகோம் வாகனச் சோதனைகளில் பக்கச் சறுக்கல் சோதனையும் அடங்கும். வண்டி ஒரு தகட்டின்மேல் மெல்லச் செல்லும்போது, தகடு பக்கவாட்டில் நகரும் அளவு சக்கரங்களின் பிசகைக் காட்டிவிடும்.

பழைய கையேட்டில் உள்ள எண் தவறானதன்று. அது அன்றைய டயருக்காக எழுதப்பட்டது. ஆகவே, பட்டறைக்குச் செல்பவர் வண்டியின் பெயரோடு டயரின் வகையையும் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் பார்க்காமல், அது எதற்காக வந்தது என்று ஆராய்பவரே முன்னோர் விட்டுச்சென்ற வண்டியையும், அதில் பயணம் செய்வோரின் உயிரையும் காப்பவர்.