சாம்பாரை நிறுத்தினார், சாசேஜை நிறுத்தவில்லை

கடந்த தீபாவளிக்கு மறுநாள் காலை, குளுவாங்கில் இருக்கும் என் அப்பாவால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே வலித்தது. அவருக்குக் ‘கவுட்’ இருப்பது எங்களுக்குத் தெரியும். “ஆறு மாசமா பருப்பையே தொடலம்மா. சாம்பாரைக்கூட நிறுத்திட்டேனே!” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால், பேரப்பிள்ளைகளுக்காக வாங்கி வைத்த கோழி சாசேஜ் அவருடைய காலைப் பசியாறலில் இடம் பிடித்திருந்தது. “அது ஆட்டிறைச்சி இல்லையே” என்பது அவருடைய சமாதானம். வலி நின்றதும் மாத்திரையையும் தாமாகவே நிறுத்தியிருந்தார். இப்படிச் செய்பவர் என் அப்பா ஒருவர் மட்டுமல்லர். ஆகவே, இந்த வாரப் பாடம் இதைப் பற்றியதே.

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது?

உயிரணுக்களில் உள்ள மரபணுப் பொருளில் பியூரின் என்ற சேர்மங்கள் உள்ளன. பழைய உயிரணுக்கள் சிதையும்போது பியூரின் யூரிக் அமிலமாக மாறுகிறது. நம் உடலில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி உடலுக்குள்ளேயே உருவாவது. எஞ்சிய ஒரு பங்குதான் உணவிலிருந்து வருகிறது.

பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் அமிலத்தை மேலும் உடைக்கும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதரிடம் அது செயல்படுவதில்லை. நாம் பெரும்பாலும் சிறுநீரகத்தையே நம்பியிருக்கிறோம்.

ஏன் பெருவிரல்?

தேநீரில் சீனியைப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் கரையாமல் அடியில் தங்கும். தேநீர் ஆறினால் இன்னும் குறைவாகவே கரையும். இரத்தத்திலும் இதே விதிதான். ஒரு லிட்டர் இரத்தநீரில் சுமார் 400 மைக்ரோமோலுக்கு மேல் யூரிக் அமிலம் சேர்ந்தால், அது ஊசி போன்ற உப்புப் படிகங்களாகப் பிரியத் தொடங்கலாம். உடலின் நடுப்பகுதியை விடக் கால்விரல் குளிர்ச்சியானது. அதனால் படிகங்கள் அங்கே எளிதில் தங்குகின்றன. அவற்றை அந்நியப் பொருளாக எண்ணி வெள்ளை அணுக்கள் தாக்குகின்றன. அந்தப் போரின் விளைவே வீக்கமும் வலியும்.

சாசேஜில் என்ன இருக்கிறது?

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 100 கிராம் ஃபிராங்பர்ட்டர் சாசேஜில் பியூரின் சுமார் 50 மில்லிகிராம்; கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 140; கோழி ஈரலில் சுமார் 310; காய்ந்த நெத்திலியில் 700க்கும் மேல். சாசேஜில் கொழுப்பு, மாவு, தண்ணீர் ஆகியவை கலந்திருப்பதால் இறைச்சியின் பங்கு குறைகிறது, பியூரினும் குறைகிறது.

அப்படியானால் சாசேஜ் நல்லதா? இல்லை. பியூரின் ஒன்றை மட்டும் பார்ப்பதுதான் இங்கே தவறு. கவுட் உள்ளவர்களில் பலருக்கு உயர் இரத்த அழுத்தம், அதிக எடை, சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் சேர்ந்தே இருக்கும். சாசேஜின் உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். கொழுப்பு எடையைக் கூட்டும். எடை கூடினால் யூரிக் அமிலமும் கூடும். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமே இதில் பாதிக்கப்படுகிறது. மேலும், 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

பருப்பு குற்றவாளியா?

அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. இறைச்சியை மிக அதிகமாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களை விடக் கவுட் வரும் அபாயம் 41 விழுக்காடு கூடுதல். கடலுணவில் அது 51 விழுக்காடு. பியூரின் உள்ள பருப்பு, பயறு, கீரை, காளான் ஆகியவற்றை உண்டவர்களுக்கு அபாயம் கூடவில்லை. பால் பொருள்களை அதிகம் உண்டவர்களுக்கு அபாயம் குறைந்தே இருந்தது. ஆக, அப்பா தள்ளி வைத்தது ஒன்று, தள்ளி வைக்க வேண்டியது வேறொன்று. பீர், சீனி கலந்த குளிர்பானங்கள் ஆகியவையும் யூரிக் அமிலத்தை உயர்த்தும்.

உணவு எவ்வளவு தூரம் உதவும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்டிப்பான உணவுக் கட்டுப்பாடு யூரிக் அமிலத்தைச் சுமார் 60 மைக்ரோமோல் மட்டுமே குறைக்கும். ஒருவருக்கு 540 இருந்தால் அது 480 ஆகும். ஆனால், சிகிச்சை பெறுவோருக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கு 360க்குக் கீழே. எஞ்சிய தூரத்தைக் கடக்க மருந்து வேண்டும். அலோபியூரினால் என்ற மருந்து 1960களிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. யூரிக் அமிலத்தை உருவாக்கும் நொதியை அது தடுக்கிறது. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் 1988இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வலி இல்லை என்பதால் மூட்டில் படிகம் இல்லை என்று ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ கூடாது.

செய்து பாருங்கள்

1. வீட்டுக் குளிர்பெட்டியிலுள்ள சாசேஜ், பர்கர் இறைச்சி, நகெட் பொட்டலங்களை எடுத்துச் சோடியம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 2,000 மில்லிகிராம். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், 50 கிராம் எடையுள்ள மூன்று சாசேஜில் 1,200 மில்லிகிராம். அதாவது அன்றைய வரம்பில் 60 விழுக்காடு.

2. சேர்மானப் பட்டியலில் 627, 631, 635 என்ற எண்கள் உள்ளனவா என்று பாருங்கள். இவை சுவையூட்டிகள், வேதியியல்படி இவையும் பியூரின் சேர்மங்களே. சேர்க்கப்படும் அளவு சிறிதுதான். உடனடி மீ பொட்டலங்களிலும் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

3. வீட்டில் கவுட் உள்ளவர் இருந்தால், கடைசி இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் எவ்வளவு என்று கேளுங்கள். 360 என்ற எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இந்த மூன்றாவது கேள்வியை நான் அப்பாவிடம் ஒரு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். இப்போது கிளினிக்கில் அவருக்கு மறுபடியும் மருந்து தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சாம்பார் மணம் திரும்பிவிட்டது.