நிவாரண அரிசியோடு செய்தியை முடிக்காதீர்கள்

பேராக்கில் செய்தித்துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு, நாளிதழோ இணைய ஊடகமோ எதில் சேர்ந்தாலும், பருவநிலை பற்றி எழுதும்போது மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. காரணத்தைக் கேளுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் துயர் துடைப்பு மையம், அரிசி மூட்டை, நன்கொடை என்று நிறைய எழுதினோம். அதெல்லாம் தேவைதான். ஆனால் நாட்டுக்கு 610 கோடி ரிங்கிட் இழப்பை உண்டாக்கிய மழை ஏன் அப்படிக் கொட்டியது? வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரம் தாங்கும். இதையும் எழுதுங்கள், அடைபட்ட வடிகாலையும் அழிந்த காட்டையும் எழுதுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க யாருக்கும் இடம் தராதீர்கள்.

2. வெயிலை அளவோடு சொல்லுங்கள். தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடும். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. ஒரு நாள் சூட்டை மட்டும் வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று எழுதாதீர்கள். பல்லாண்டுப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

3. தோட்டத்துக்குப் போங்கள். வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறையும். மழையில் மரம் நனைந்தால் அன்று பால் வெட்ட முடியாது, கூலியும் போகும். நிபுணரிடம் கேட்டதைப் பால்மரம் வெட்டுபவரிடமும் செம்பனைக் குலை அறுப்பவரிடமும் கேளுங்கள்.

4. போலி நடுநிலை வேண்டாம். அமெரிக்காவின் நான்கு பெரிய நாளிதழ்களில் 1988 முதல் 2002 வரை வந்த செய்திகளை ஆராய்ந்து 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. மனிதச் செயலே காரணம் என்ற கருத்துக்கும் அதை மறுப்பவர்களின் கருத்துக்கும் பாதிக்கு மேற்பட்ட செய்திகள் சம இடம் கொடுத்திருந்தன. அறிவியல் முடிவு செய்துவிட்டதைப் பட்டிமன்றமாக்காதீர்கள். என்ன செய்வது, யார் செலவை ஏற்பது என்பதில்தான் எல்லாத் தரப்பையும் பேசவிட வேண்டும்.

5. இரு பக்க ஊடகங்களையும் படியுங்கள். பெரிய ஊடகம் வீடுதோறும் போகும். ஆனால் விளம்பரமும் 1984 அச்சக, வெளியீட்டுச் சட்டமும் அதன் கையைக் கட்டும். 1999இல் தொடங்கிய மலேசியாகினி, சுற்றுச்சூழலுக்கென்றே நடக்கும் மக்காராங்கா போன்ற இணைய ஊடகங்கள் ஆழமாகத் தோண்டுகின்றன. தோட்டத்துப் பாட்டிக்கு அவை எட்டுவதில்லை. அங்கே தோண்டியதைச் சரிபார்த்து, அவருக்குப் புரியும் தமிழில் கொண்டுவருவது உங்கள் கடமை. வாட்ஸ்அப்பில் வரும் வெள்ளக் காணொளி எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாமல் தொடாதீர்கள்.

6. நம் ஊரையும் விசாரியுங்கள். ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்பு மலைகளை வெட்டித்தான் சிமெண்டு செய்கிறார்கள். அந்தக் கல்லைச் சுடும்போதே அதிலிருந்து கரியமிலவாயு வெளியேறும். அந்தத் தொழிலால் பிழைக்கும் குடும்பங்களின் குரலும் செய்தியில் இருக்கட்டும்.

7. திரும்பிப் போங்கள். வெள்ளம் வடிந்து ஆறு மாதம் கழித்து அதே கம்பத்துக்குப் போய், கட்டித் தருவதாகச் சொன்ன வடிகால் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அதை முதல் பக்கத்தில் போடச் சொல்லி ஆசிரியரிடம் வாதாடுங்கள்.